நாலாவது எலக்ட்ரான்

“அம்மா! தனிம அட்டவணையில இடமிருந்து வலமா போகப் போக அயனியாக்கும் ஆற்றல் கூடும், எலக்ட்ரானைப் பிடுங்குறது கஷ்டம்னு போட்டிருக்கு. அப்புறம் எப்படி நைட்ரஜனை விட ஆக்சிஜன்ல மட்டும் சுலபமா வருது? இது என்ன அநியாயம்?”

கூடத்திலிருந்து மகள் கத்திக் கேட்டாள். கெமிஸ்ட்ரி படித்த அம்மா அடுப்படியிலிருந்தே பதில் சொன்னாள்.

“நைட்ரஜன்ல மூணு ரூம், ரூமுக்கு ஒருத்தர். நிம்மதியா இருப்பாங்க, லேசுல வெளிய வரமாட்டாங்க. ஆக்சிஜன்ல நாலாவதா ஒண்ணு வந்து சேருதா, ஒரு ரூம்ல ரெண்டு பேர் முட்டிக்கிட்டுக் கிடக்கணும். அதுல ஒண்ணைத் துரத்துறது சுலபம்.”

போன வாரம் வந்து, மகளின் அறையில் தங்கியிருந்த நாத்தனார் சற்று நேரத்தில் பெட்டியோடு வெளியே வந்தாள்.

“ஜாடையா பேசுறியா? நாலாவதா வந்து ஒட்டிக்கிட்டது நான்தானே? மூஞ்சிக்கு நேரா சொல்லேன்!”

“ஐயோ அண்ணி, அது பாடம்! நாளைக்கு இவளுக்குப் பரீட்சை!”

“எந்தப் பாடத்துல ரூம் வருது?”

வாசல் கதவு அறைந்து சாத்தப்பட்டது.

சத்தம் கேட்டு வந்த கணவனிடம் அம்மா பொரிந்து தள்ளினாள். “பெத்த பொண்ணுக்குப் பாடம் சொல்லிக்குடுக்குறது குத்தமா? உங்க அக்காவுக்கு எல்லாமே ஜாடைதானா? நீயே சொல்லுடி, நாளைக்கு கெமிஸ்ட்ரிதானே?”

மகள் அறைக்குள் போய், அத்தையின் தலையணையை எடுத்துத் தன் தலையணை மேல் வைத்துத் தட்டினாள்.

“கெமிஸ்ட்ரி நேத்தே முடிஞ்சுதும்மா. நாளைக்கு கணக்கு.”