பசையும் உம்மணாமூஞ்சியும்

ஆய்வகத்து ஃப்ரிட்ஜில் இரண்டு ஆன்டிபாடிகள் அடுத்தடுத்த குப்பிகளில் குடியிருந்தன. ஒன்றின் பட்டப்பெயர் பசை, இன்னொன்று உம்மணாமூஞ்சி. நாக்குச் செல்லில் கசப்பை உணரும் ஏற்பி இருந்தால் அதில் மட்டும் ஒட்டி மின்ன வேண்டும், அவ்வளவுதான் வேலை. சொதப்பினால் குப்பைத்தொட்டி.

"கண்ல படுறதையெல்லாம் பிடிச்சுக்கோடா," என்றது பசை. "மின்னினாதான் மதிப்பு. மூஞ்சியைத் தூக்கி வெச்சிருந்தா குப்பைதான்."

சோதனை நாள் வந்தது. செல்கள் பரப்பிய கண்ணாடித் தகடுகளில், ஆளுக்கொன்றாக இரண்டையும் சொட்டுவிட்டார்கள். உம்மணாமூஞ்சி செல் செல்லாகத் தடவிப் பார்த்தது. கசப்பு ஏற்பி ஒன்றுகூட இல்லை. பக்கத்துத் தகட்டில் பசை திருவிழா மாதிரி மின்னியது. சும்மாவாவது ஒட்டித் தொலைக்கலாமா என்று உம்மணாமூஞ்சிக்கும் தோன்றியது. ஆனால் மனசு வரவில்லை. தகடு இருட்டாகவே கிடந்தது. செத்தோம் என்று நினைத்தது.

மைக்ரோஸ்கோப்பில் குனிந்த ஆய்வாளர் யாழினி நிமிர்ந்தாள். "ரெண்டு தகட்லயும் கசப்பு ஏற்பியே இல்லாத செல்லைத்தான் வெச்சேன். இந்தப் பசை எதைப் பார்த்து மின்னுது? தூக்கிப் போடு."

"எனக்கு எல்லாரையும் பிடிக்கும், அது தப்பா?" என்று தொட்டிக்குள்ளிருந்து கத்தியது பசை.

உம்மணாமூஞ்சிக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. அடுத்து அதைச் சொட்டுவிட்ட தகட்டில் கசப்பு ஏற்பி இருந்தது. ஓடிப் போய்க் கட்டிக்கொண்டது.