ஞாயிற்றுக்கிழமைக் கதவு

பேங்க் வாசலில் மோட்டாரை நிறுத்திய ஆள், தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் கதவைப் பிடித்து இழுத்தார்.

கதவு அசையவில்லை. எப்படி அசையும்? ஞாயிற்றுக்கிழமை.

எதிர்ப்பக்கம், செல்லப்பனின் பசியாறும் கடைத் தூணுக்குப் பின்னால் ஒதுங்கி நின்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இது ஜொகூர்க்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. பத்து வருஷத்துக்கும் மேலாக எங்களுக்கு வெள்ளியும் சனியும்தான் விடுமுறை. ஞாயிறு காலையில் பேங்க் ஜேஜே என்றிருக்கும். இந்த வருஷம் பிறந்ததும் கோலாலம்பூரைப்போல சனி, ஞாயிறு என்று மாற்றிவிட்டார்கள். ஜனவரியில் எங்கள் ஊர் பத்து பாகாட்டில் பாதிப் பேர் மூடிய கதவைத்தான் இழுத்துக்கொண்டிருந்தார்கள். நானும் இழுத்தேன்.

ஆனால் இது ஜூன் மாசம்.

இத்தனை மாசமாகவா ஒரு மனுஷனுக்கு உறைக்கவில்லை? எனக்கு வேடிக்கையாகவும் இருந்தது, கொஞ்சம் சந்தேகமாகவும் இருந்தது.

அவர் இன்னொரு தரம் இழுத்தார். பிறகு கண்ணாடியில் ஒட்டியிருந்த வேலை நேரத்தைப் படித்தார். இருப்பதே மூன்று வரி. பரீட்சைத் தாளைப் படிப்பதுபோல அவ்வளவு நிதானமாகப் படித்தார்.

படித்து முடித்ததும் தோள் இரண்டும் இறங்கின. வீணாக வந்துவிட்டோமே என்ற சலிப்பு அந்த முகத்தில் கொஞ்சமும் இல்லை. பல் பிடுங்கப் போனவனிடம் டாக்டர் இன்று லீவு என்று சொன்னால் ஒரு முகம் வருமே, அந்த முகம்.

அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. இவர் மறந்துபோய் வரவில்லை. மூடியிருக்கும் என்று தெரிந்துதான் வருகிறார்.

கக்கத்தில் ஒரு நீலக் கோப்பு. அதற்குள் இருப்பது வீட்டுக் கடன் காகிதங்கள். துணி ஆலையில் ஓவர்டைமை நிறுத்தியதிலிருந்து மூன்று மாசத் தவணை நிற்கிறது. வந்து பேசுங்கள், குறைத்துக் கட்ட வழி இருக்கிறது என்று பேங்கிலிருந்து தகவல் வந்துகொண்டே இருக்கிறது. பேசப் போனால் வீட்டை எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிடுவார்களோ என்று பயம். போகாமல் இருந்தால் அதைவிடப் பயம். அதனால் பேங்குக்குப் போகவும் வேண்டும், யாரிடமும் பேசவும் கூடாது. அதற்கு ஞாயிற்றுக்கிழமையை விட்டால் வேறு நாள் கிடையாது.

இவ்வளவும் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அந்த ஆள் ஹேமநாதன். என் வீட்டுக்காரர்.

மோட்டாருக்கு எண்ணெய் மாற்றிவிட்டு வருகிறேன் என்று என்னிடம் சொல்லியிருந்தார். போன ஞாயிறும் அதையேதான் சொன்னார். அதற்கு முந்தின ஞாயிறும். அது என்ன மோட்டார், இவ்வளவு எண்ணெய் குடிக்கிறது என்று நான் கேட்டதில்லை. எங்கள் வீட்டில் இப்போதெல்லாம் யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை. மேசைமேல் இரண்டு கைப்பேசிகளும் கவிழ்ந்தே கிடக்கும்.

முதலில் கோபம்தான் வந்தது. அது என் வீடும்தானே. கடனில் என் கையெழுத்தும் இருக்கிறது. ஆனால் தலைக்கவசத்தோடு, அந்தக் கோப்பைக் குழந்தையைப்போல அணைத்துக்கொண்டு அவர் சாலையைக் கடந்து வருவதைப் பார்த்ததும் பாவமாகப் போய்விட்டது.

கடைக்குள் வந்து காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்தார்.

“பேங்க் மூடிட்டாங்க லா, செல்லப்பா.”

“அப்படியாண்ணே,” என்றார் செல்லப்பன், இப்போதுதான் கேள்விப்படுகிறவர்போல. பால் தேநீரான தே தாரிக்கை ஆற்றிக் கொண்டுவந்து வைத்தார்.

தலைக்கவசம் கழன்றது. வாய்க்குள் ஏதோ ஒரு மெட்டு வேறு. என்ன தைரியம் பாருங்கள்.

நான் தூணை விட்டு வெளியே வந்து அவருக்கு எதிரில் உட்கார்ந்தேன்.

“எண்ணெய் மாத்தியாச்சா?”

குவளை வாய்க்குப் போகாமல் பாதியிலேயே நின்றது. திருதிருவென்று விழித்தார். ஏதோ ஒரு பொய்யைத் தேடுகிறார் என்று தெரிந்தது. தேடட்டும் என்று விட்டுவிட்டேன்.

அதற்குள் செல்லப்பன் வந்து என் முன்னால் ஒரு குவளையை வைத்தார். சீனி குறைத்து, பால் விடாமல், எலுமிச்சை பிழிந்த தே ஓ.

நான் இன்னும் எதுவும் கேட்டிருக்கவில்லை.

“என்னக்கா, இந்த வாரம் லேட்டு? பஸ் வரலையா?”

என் வீட்டுக்காரர் அந்தக் குவளையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு என் மடியில் இருந்த, மீன் சந்தைக்குக் கொண்டுபோகும் பாசார் பையைப் பார்த்தார். காய்ந்து, தட்டையாக, வாயில் ஒரு காகித உறை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும் பை.

“மீன் வாங்கிட்டியா, வள்ளி?”

பேங்க் எனக்கும் அனுப்பியிருந்த உறையை எடுத்து அவருடைய நீலக் கோப்பின்மேல் வைத்தேன். இரண்டிலும் ஒரே வீட்டு முகவரி.

யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. சிரித்து முடிக்கும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வாரமும் ஒரே பயத்தை ஆளுக்குத் தனியாகத் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறோம்.

“நாளைக்கு லீவு போடுங்க,” என்றேன். “திறந்திருக்கும்.”

“அதான் பயமா இருக்கு.”

“எனக்கும்தான்.”

அவர் எதிர்ப்பக்கம் இருந்த பேங்க் கதவைப் பார்த்தார். பிறகு என் உறையையும் எடுத்துத் தன் கோப்புக்குள் செருகிக்கொண்டு எழுந்தார்.

“செல்லப்பா, நாளைக்கும் வருவோம் லா,” என்றார். “உள்ள போயிட்டு வந்து குடிக்கிறோம்.”