மூன்று கற்களுக்கு ஒரு ரொட்டி

“மூணே மூணு கல்லைக் குடுத்து முழு ரொட்டி வாங்கிட்டேன், ரூடோம்மா!” என்று ஹராரே நகரத்துக்கே கேட்கும்படி முழங்கிக்கொண்டு வந்தார் தவுராய்.

மனைவி ரொட்டியைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினாள். “எங்க திருடினீங்க? திருட்டு ரொட்டிய எம் பிள்ளைங்களுக்குக் குடுக்க மாட்டேன்.”

பசியில் பிள்ளைகள் சிணுங்கின. தவுராய் எரிச்சலோடு நூறு டிரில்லியன் டாலர் நோட்டை மேசையில் அறைந்தார். அதில் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று பாறைகள்.

“காலையில இதை நீட்டினா, ‘இது நேத்து விலை, நேத்தே வந்திருக்கணும்’னு ரொட்டிக்காரன் சிரிக்கிறான். படத்துல இருக்கிற மாதிரியே மூணு கல்லை அடுக்கினேன், ரொட்டி வந்துடுச்சு!”

“பாறைப் படம் போட்ட பணமே செல்லல, வெறுங்கல்லு செல்லுமாக்கும்!”

கதவு இடிபட்டது. பக்கத்து வீட்டு மொயோ மூன்று கற்களோடு மூச்சிரைக்க நின்றான்.

“அண்ணே, என் ரொட்டியத் திருப்பிக் குடு! சர்க்கரைக் கடை வரிசையில நீ கல்லு அடுக்கிப் பிடிச்சு வச்ச நாலாவது இடத்துக்காகத்தானே குடுத்தேன்? சர்க்கரை லாரியே வரல!”

மனைவி நிதானமாக அலமாரியைத் திறந்து, ரொட்டியை வெட்டிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தாள்.

“அவர் கல்லைக் குடுத்துதான் வாங்கினாரு, தம்பி. வித்தது வித்ததுதான். நானே சாட்சி!”