உடுத்த சேலைக்குத் தீர்வை இல்லை

“புதுச் சேலையெண்டால் தீர்வை கட்டவேணும். உடுத்ததெண்டால் தேவையில்லை,” என்றார் திருகோணமலைத் துறைமுகத்துச் சுங்க அதிகாரி.

கப்பலில் வந்திறங்கிய சிவநேசனின் கையில் காசில்லை. தரகர் சொன்ன உப்புவெளிப் பெண்ணை நாளை பார்க்கப் போகும்போது கொடுப்பதற்கென்றே சிங்கப்பூரில் வாங்கிய சேலை அது.

“உடுத்ததுதான் ஐயா. என்ர மனுசியின்ர.”

“கலியாணம் முடிச்சிட்டீரோ?”

“ஓம். ரெண்டு பிள்ளையள்.”

“மனுசியின்ர சேலை உம்மட பெட்டிக்குள்ள ஏன்?”

“அவவைப் பிரிஞ்சிருக்க ஏலாது ஐயா. அவவின்ர வாசத்தை மணந்துபார்க்கக் கொண்டு திரியிறனான்.”

அதிகாரி கடவுச்சீட்டிலிருந்த பெயரை இன்னொருமுறை வாசித்தார். பிறகு சேலையை மடித்து, தானே பெட்டிக்குள் வைத்தார்.

“தீர்வை இல்லை தம்பி, கொண்டுபோம். ஆனால் நாளைக்கு உப்புவெளிப் பக்கம் வந்திடாதேயும். என்ர மகளுக்கு நான் வேற மாப்பிளை பார்க்கிறன்.”