சாமியாருக்கு மாற்றல்

மிக்கேல்பேட்டை மாதா கோயில் வாசலில் பத்தாயிரம் வாலா வெடித்து ஓய்ந்ததும் ஊரே கைதட்டியது. தைலம்மாள் மட்டும் தட்டவில்லை.

"பதினோரு மாசம் நாயா அலைஞ்சி வாங்கியிருக்கோம். கொஞ்சம் சிரியேன்," என்றார் தேவசகாயம். கோயில் நிர்வாகத்தைப் பார்க்கும் பங்குப் பேரவையின் துணைத் தலைவர். தைலம்மாளின் புருஷனுக்கு அண்ணன்.

2008 ஜூனில் ஒரு நாள், பாட்டுப் பயிற்சியில் சுருதி தப்பியதற்காகப் பங்குச் சாமியார் ஓங்கி விட்ட அறையில், தைலம்மாளின் மகள் இசைவாணிக்கு இடது காது போய்விட்டது. பத்து வயசுப் பிள்ளை. செவிப்பறை கிழிந்துவிட்டது என்றார் டாக்டர். பிறவியிலேயே கோளாறு என்றார் சாமியார்.

விசாரணை வேண்டும், ஜனங்கள் முன்னால் அவர் பதில் சொல்ல வேண்டும் என்று ஊரே திருச்சபை மேலிடத்துக்கு மனு மேல் மனு போட்டது. மனுவைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர் தேவசகாயம்தான். கடைசியில் வந்தது விசாரணை இல்லை, இரண்டு வரி மாற்றல் உத்தரவு. அதற்குத்தான் இந்த வெடி.

"விசாரணை என்னாச்சி மாமா?"

"அதான் ஆளையே தூக்கிட்டாங்களே. இன்னும் என்ன?"

"தூக்கி எங்க வச்சாங்க?"

"சூசைபாளையம். பண்ருட்டி தாண்டி."

"அங்கயும் பாட்டுப் பாடற புள்ளைங்க இருக்குமே மாமா."

தேவசகாயத்தின் முகம் சுண்டிவிட்டது.

"அந்த ஊர் வம்பு நமக்கு எதுக்கு? சனிக்கிழமை சாயந்தரம் புதுச் சாமி வராரு. இசைவாணிதான் மாலை போடணும்னு சொல்லிட்டேன். நல்ல கவுனா எடுத்து வை."

சனிக்கிழமை காலை, பிள்ளையைத் தேவசகாயம் வீட்டில் விட்டுவிட்டு, தைலம்மாள் பஸ் ஏறினாள். பண்ருட்டிக்கு எந்த வண்டி என்று கண்டக்டரிடம் அவள் விசாரித்தது, அவள் சிதம்பரம் போய்ச் சேர்வதற்குள் தெரு முழுக்கப் பரவிவிட்டது.

"பழைய சாமியாரைத் தேடிப் போறா," என்றாள் எதிர்வீட்டுப் பட்டம்மாள். "தனியா பேரம் பேசத்தான். புள்ள காதை வச்சி ஏதாச்சும் தேத்தலாம்னு பாக்கறா. இவளுக்குப் போயி நாம கோஷம் போட்டோம் பாரு!"

போராட்டம் முடிந்த ஊர். வாய்க்கு வேறு வேலை வேண்டாமா?

சூசைபாளையம் கோயில் வாசலில் ஏணி மேல் நின்று ஒருவர் காகிதத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார். தைலம்மாள் கீழேயிருந்து கூப்பிட்டாள்.

"அண்ணே, இங்க வரப்போற சாமி எங்க ஊர்ல இருந்தவரு. ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

அவர் இறங்கி வந்தார். பெயர் அன்புமணி என்றார். அவள் டாக்டர் சீட்டை நீட்டி, நடந்ததையெல்லாம் சொன்னாள்.

"புள்ளைங்களை அவருகிட்ட தனியா விடாதீங்கண்ணே. நாளைக்கு இன்னொரு புள்ள காதைப் பொத்திக்கிட்டு நின்னா எனக்குத் தாங்காது."

"எந்த ஊரும்மா நீ?"

"மிக்கேல்பேட்டை. கிள்ளை கிட்ட."

அன்புமணி அப்படியே ஏணியின் அடிப்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"எங்க சாமியைத்தாம்மா உங்களுக்குப் போட்டிருக்காங்க. காலைலதான் வண்டி ஏத்தி அனுப்புனோம்."

"அவரு நல்லவராண்ணே?"

"கோயில்ல ஜெபம் சொல்லிக் குடுக்கற உபதேசியார் பையனை ரூம்ல பூட்டி வச்சி அடிச்சாரு. கை ரெண்டு எடத்துல ஒடஞ்சிது. இன்னி வரைக்கும் அவனால பேனா புடிக்க முடியல. நாங்களும் எட்டு மாசம் மனு போட்டோம். கடைசில மாற்றல் வந்துச்சி. வெடி வெடிச்சோம்."

தைலம்மாள் அவரிடமிருந்து டாக்டர் சீட்டை வாங்கிக்கொண்டாள்.

"எங்களுக்கு ஒருத்தராவது வந்து சொல்லியிருக்கக் கூடாதா?"

அன்புமணி நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"தொலைஞ்சா போதும்னு இருந்துட்டோம்மா."

எதிரே பெட்டிக்கடையில் ஒரு ரூபாய் போன் இருந்தது. காசைப் போட்டுத் தேவசகாயத்தின் செல்லுக்கு அடித்தாள். எடுத்ததும் மேளச் சத்தம் காதைப் பிளந்தது.

"எங்க போய்த் தொலைஞ்ச? சாமி மதியமே வந்துட்டாரு. இசைவாணிதான் மாலை போட்டுது. புள்ளையை அவருக்கு ரொம்பப் புடிச்சிப் போச்சி. தெனம் சாயந்தரம் சாமியார் பங்களாவுக்கு அனுப்புங்க, நானே பாட்டு சொல்லித் தரேன்னாரு."

"மாமா, புள்ளையை ஒடனே வூட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க! அந்த ஆளு..."

மூச்சு விடாமல் கொட்டித் தீர்த்தாள். பேசப் பேச மேளச் சத்தம் குறைந்துகொண்டே போனது. மாமா கூட்டத்தை விட்டுத் தள்ளிப் போகிறார். இனி அவர் பார்த்துக்கொள்வார் என்று அவளுக்குக் கொஞ்சம் உயிர் வந்தது.

"கத்தாத தைலம்மா." தேவசகாயத்தின் குரல் தாழ்ந்திருந்தது. "எனக்கு எல்லாம் தெரியும். இவரை நாம எடுத்துக்கிட்டாத்தான் அவரைத் தூக்குவோம்னு மேலிடத்துல சொன்னாங்க. உன் புள்ளைக்காகத்தானே நான் சம்மதிச்சி கையெழுத்துப் போட்டுட்டு வந்தேன்?"