பூட்ஸில் ஒரு புல்விதை

கப்பல் அறையில் கிளெனிஸ் தன் பூட்ஸைப் பல்குச்சியால் குடைந்து முடித்துவிட்டு, பயணத்தில் அறைத்தோழியாகிவிட்ட பெட்ராவின் பூட்ஸையும் இழுத்துக்கொண்டாள்.

“தெற்கு ஜார்ஜியா தீவுல பெங்குவின் எச்சத்துலதான் நடக்கப்போறோம். அதுக்கு இவ்வளவு மினுக்கா?” என்றாள் பெட்ரா.

“இந்தா பாரு, புல்விதை. இது அங்கே முளைக்கக் கூடாது.”

“தீவு என்ன உன் அப்பன் வீட்டுச் சொத்தா?”

கிளெனிஸ் சிரித்தாள்.

மறுநாள் கரையில் எல்லோரும் பனியாற்றைப் படமெடுக்க, அவள் மட்டும் புல்லில் பாடிய ஒரு குருவியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இந்தக் குருவிக்கா இத்தனை தூரம் வந்தே?”

“போன தடவை வந்தப்போ இந்தக் கரையில ஒண்ணுகூட இல்ல. கப்பல்ல வந்த எலிங்க தின்னு தீத்துடுச்சு.”

“இப்போ எலி?”

“ஒண்ணு விடாம ஒழிச்சாச்சு. ஹெலிகாப்டர்லேர்ந்து மருந்து தூவினோம்.” கிளெனிஸ் நெஞ்சை நிமிர்த்தினாள். “ஓட்டினது நான்தான்.”

பெட்ரா குனிந்து, தன் பூட்ஸை இன்னொரு முறை பார்த்துக்கொண்டாள்.