நமக்குள்ள ஒண்ணுமில்ல

தொடையில் தோலுக்கும் தசைக்கும் நடுவே, வலை மாதிரி ஓர் இடுக்கு நீரைத் தேக்கிக்கொண்டு கிடந்தது. நடந்தாலும் சம்மணம் போட்டாலும் அவை இரண்டும் உரசிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை.

"நமக்குள்ள ஒண்ணுமே இல்ல மச்சான்!" என்று தோல் தினமும் பீற்றிக்கொள்ளும்.

"ஆமா மாப்ளே, ஒண்ணுமே இல்ல" என்று தசை ஒத்து ஊதும்.

"அப்ப நான் யாருய்யா?" என்று கத்திக் கத்தி, அவ்வளவு நீர் இருந்தும் இடுக்குக்குத் தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

ஒருநாள் அதற்கு வெறுத்தே போய்விட்டது. "இனி நீங்களாச்சு, உங்க உறவாச்சு" என்று நீரையெல்லாம் வடியவிட்டுச் சுருண்டு படுத்துக்கொண்டது.

அடுத்த அடியிலேயே தோலும் தசையும் உரசிக்கொண்டன. இரண்டுக்கும் எரிச்சல் தாங்கவில்லை.

"என்ன மாப்ளே, நாம முன்ன மாதிரி இல்லையே?" என்று முனகியது தசை.

"தெரியல மச்சான்," என்றது தோல். "நமக்கு நடுவுல யாரோ புகுந்துட்டாங்க."